மூன்று மணி நேரப் பள்ளிக்கும் அங்கீகாரம் வேண்டும்: பிளே ஸ்கூலில் சேர்க்கும் முன் பெற்றோர் சரிபார்க்க வேண்டியவை

காலை 9 மணிக்குக் குழந்தையை விட்டுவிட்டு நண்பகலில் திரும்ப அழைத்துவரும் பிளே ஸ்கூல்கள் இன்று தமிழ்நாட்டின் சிறு நகரங்கள் வரை பரவிவிட்டன. ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து, சுவரில் யானையும் மயிலும் வரைந்து, ஏப்ரல் மாதத்தில் வாசலில் ஒரு பதாகையைக் கட்டிவிட்டால் சேர்க்கை தொடங்கிவிடுகிறது. அதற்கு அரசின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கும் பெற்றோர் குறைவு. கேட்டாலும், "மூன்று மணி நேரம்தானே, இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பதில் தவறு. தமிழ்நாட்டில் பிளே ஸ்கூல்களுக்கென 2015ஆம் ஆண்டிலேயே தனியான ஒழுங்குமுறை விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. உரிய அனுமதி பெறாமல் அவற்றை நடத்தக் கூடாது. குழந்தையைச் சேர்ப்பதற்கு முன் அந்த அனுமதியை எப்படிச் சரிபார்ப்பது, அது இருந்தாலும் வேறு எவற்றை நேரில் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் என்ன செய்யலாம் என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

நேரம் குறைவு என்பதால் கண்காணிப்பும் குறைவாக இருக்கலாம் என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெற்றோர் பலர் அதை நம்பித்தான் கேள்வி கேட்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, இந்த வயதுக் குழந்தைகளுக்கான கற்றல் நேரத்தை நாளொன்றுக்கு 3 முதல் 4 மணி நேரம் என்றே வரையறுக்கிறது. ஆகவே அரை நாள் என்பது முழுப் பள்ளியின் குறைந்த வடிவம் அன்று. இந்த வயதுக்கு அதுவே முழுப் பள்ளி. அரை நாள் பள்ளிகளுக்கு விலக்கு என்று ஒரு விதி செய்தால், ஏறத்தாழ எல்லா மழலையர் பள்ளிகளும் அந்த விலக்குக்குள் போய் நின்றுகொள்ளும்.

ஆபத்தும் நேரத்துக்கு ஏற்பக் குறைவதில்லை. சிறு குழந்தைகளுக்கான இடத்தில் பதற்றமான பொழுதுகள் இரண்டு: குழந்தைகள் வந்து இறங்கும் பொழுது, அவர்களைத் திரும்ப ஒப்படைக்கும் பொழுது. வாசற்கதவு திறந்து கிடப்பதும், தெருவில் வாகனங்கள் முன்னும் பின்னும் நகர்வதும், ஆசிரியர் ஒரு பெற்றோரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது வேறொரு குழந்தை பின்பக்கம் போய்விடுவதும் அப்போதுதான். முழு நாள் காப்பகத்தில் இந்த இரண்டு பொழுதுகளும் எட்டு மணி நேர இடைவெளியில் வருகின்றன. அரை நாள் பள்ளியில் மூன்று மணி நேரத்துக்குள் வருகின்றன. காலைப் பிரிவு, பிற்பகல் பிரிவு என்று இரண்டு வைத்து நடத்தும் இடத்தில் ஒரு நாளில் நான்கு முறை வருகின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு மாணவி பள்ளியில் நடந்ததை வீட்டுக்கு வந்து சொல்வாள். இரண்டரை வயதுக் குழந்தைக்கு அதற்கான சொற்கள் இன்னும் வந்திருக்கவில்லை. அடித்தார்களா, கழிவறையில் தனியே விட்டார்களா, மாற்று உடை போடாமல் ஈரத்திலேயே உட்காரவைத்தார்களா என்று அதனிடம் கேட்டு அறிய முடியாது. ஆனால் நம் சட்டங்களின் பாதுகாப்பு வயது ஏற ஏறத்தான் உறுதிப்படுகிறது: 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கே உரிமை தருகிறது, 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு அதன் 11ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. பேச முடியாத குழந்தைக்காகப் பேசுவதற்கு ஓர் அதிகாரியின் வருகையும், ஒரு பதிவேடும், மீறினால் பறிபோகக்கூடிய ஓர் உரிமமும் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

எந்தக் காகிதம் அங்கீகாரம், எது அங்கீகாரம் அன்று

என் மகளுக்காக நான் பார்த்த முதல் பள்ளியில் அங்கீகார ஆணையைக் காட்டுமாறு கேட்டபோது, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள். அது அந்தப் பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் பதிவுச் சான்று. கொடுத்தவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அதுதான் அனுமதி என்று அவரும் நம்பியிருந்தார். இந்தக் குழப்பம் மிகப் பரவலானது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அறக்கட்டளை அல்லது சங்கப் பதிவு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, உள்ளாட்சி அமைப்பு தரும் தொழில் உரிமம், ஜி.எஸ்.டி. எண், ஐ.எஸ்.ஓ. தரச் சான்று ஆகியவற்றுள் எதுவும் பள்ளி நடத்துவதற்கான அங்கீகாரம் ஆகாது. பெரிய நிறுவனத்தின் பெயரில் கிளை நடத்துவோர் அந்த நிறுவனத்தோடு செய்துகொண்ட ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். அந்த ஒப்பந்தம் பெயர், சீருடை, பாடப் புத்தகம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்கான தனியார் ஏற்பாடு மட்டுமே. ஒரு நிறுவனத்துக்கு நூறு கிளைகள் இருந்தாலும், உங்கள் தெருவில் உள்ள கட்டடத்துக்கு, அந்த முகவரிக்கு, தனியாக அனுமதி இருந்தாக வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது பள்ளிக் கல்வித் துறை வழங்கிய ஆணையின் நகல். அதில் நான்கு செய்திகளைப் பாருங்கள்: பள்ளியின் பெயரும் முகவரியும் நீங்கள் நிற்கும் இடத்தோடு பொருந்துகின்றனவா, ஆணையின் எண்ணும் நாளும் இருக்கின்றனவா, எந்த வகுப்புகளுக்கு அல்லது எந்த வயதுப் பிரிவுக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறது, அது எந்த நாள் வரை செல்லும். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிளே ஸ்கூலுக்கான அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளையும் நடத்தும் இடங்கள் உண்டு. அங்கீகாரம் பெற்ற தொடக்கப் பள்ளி ஒன்று, அடுத்த தெருவில் வாடகைக்கு எடுத்த வீட்டில் ப்ரீ கே.ஜி. பிரிவை நடத்துவதும் உண்டு. இரண்டிலும் காகிதம் உண்மையானதுதான், ஆனால் உங்கள் குழந்தை உட்காரப்போகும் வகுப்பு அதற்குள் வராது.

அந்த ஆணைக்கு அடிப்படையாகக் கட்டடம் சார்ந்த நான்கு சான்றுகள் இருக்க வேண்டும்: கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் வழங்கும் பொதுக் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று. இவை அலுவலகங்கள் விரும்பி உருவாக்கிய தாள்கள் அல்ல. 1964இல் மதுரையில் ஒரு பள்ளிக் கட்டடம் இடிந்து மாணவிகள் பலர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டில் பொதுக் கட்டட உரிமச் சட்டம் வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். ஓலைக் கூரையும் குறுகலான படிக்கட்டும் கொண்ட அந்த ஒரே கட்டடத்தில் மழலையர் பள்ளி உட்பட மூன்று பள்ளிகள் இயங்கிவந்தன. தீயணைப்புச் சான்றைக் கேட்கும்போது பள்ளி நிர்வாகி சலித்துக்கொண்டால், அந்த 94 குழந்தைகளை நினைத்துக்கொண்டு மறுபடியும் கேளுங்கள்.

அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்வது

நகலைப் பார்த்தது மட்டும் போதாது. மாவட்டத்தில் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குச் சென்று, ஆணை எண்ணைக் கொடுத்து, அது நடப்பில் இருக்கிறதா என்று கேட்கலாம். நேரில் பதில் கிடைக்கவில்லையெனில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். கேள்வியைச் சுருக்கமாக எழுதுங்கள்: இந்த முகவரியில் இயங்கும் இந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் வழங்கப்பட்டுள்ளதா, அது எந்த நாள் வரை, எந்த வகுப்புகளுக்கு, கடைசியாக ஆய்வு நடந்த நாள் எது, அந்த ஆய்வறிக்கையின் நகல் வேண்டும். கடைசியாகக் கேட்ட நகல்தான் மிகவும் பயனுள்ளது. ஆய்வே நடக்கவில்லை என்று தெரிந்தாலும் அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

ஜூன் மாதச் சேர்க்கைக்கு இந்த விண்ணப்பத்தை மார்ச் மாதத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது. ஒரு பிளே ஸ்கூலுக்காக இத்தனை அலைச்சலா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கக்கூடும். வீட்டுமனை வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்காமல் நாம் முன்பணம்கூடக் கொடுப்பதில்லை என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.

நேரில் பார்க்க வேண்டியவை

2025ஆம் ஆண்டு ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி, கழிவுநீர்த் தொட்டியின் துருப்பிடித்த மூடி உடைந்து உள்ளே விழுந்து இறந்தாள். அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் கோடைக்கால முகாமுக்கு வந்த 4 வயதுச் சிறுமி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து உயிரிழந்தாள். பெற்றோர் ஒரு பகற்பொழுதுக்கு நம்பி அனுப்பிய இடங்கள் இவை. கோப்பில் இருக்கும் சான்று தொட்டியின் மூடியை நாள்தோறும் பார்ப்பதில்லை. ஆகவே பள்ளியைச் சுற்றிப் பார்க்கும்போது, வண்ணம் பூசிய வகுப்பறையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் கட்டடத்தின் பின்பக்கத்துக்குப் போங்கள். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி எங்கே, கழிவுநீர்த் தொட்டி எங்கே, கிணறு அல்லது மழைநீர்ச் சேகரிப்புக் குழி இருக்கிறதா என்று கேட்டு, ஒவ்வொன்றின் மூடியையும் காலால் அழுத்திப் பாருங்கள். உங்கள் எடைக்கு அசையும் மூடியோ பூட்டில்லாத மூடியோ இருந்தால், அதைச் சரிசெய்து காட்டும் வரை சேர்க்கை வேண்டாம்.

அறையின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2013ஆம் ஆண்டுக் கொள்கை, 30 குழந்தைகள் கொண்ட குழுவுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறையும் 30 சதுர மீட்டர் வெளியிடமும் தேவை என்கிறது. சதுர அடியில் சொன்னால் வகுப்பறை ஏறத்தாழ 375, விளையாட்டு இடம் ஏறத்தாழ 320. அளவுநாடா கொண்டுபோக வேண்டியதில்லை. தரையில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் பதித்திருந்தால் ஒரு டைல்ஸ் நான்கு சதுர அடி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எண்ணிப் பெருக்கினால் போதும். வாடகை வீட்டுக் கூடத்தில் முப்பது குழந்தைகளை உட்காரவைத்திருப்பதைப் பார்த்தால் இந்தக் கணக்கை அங்கேயே போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஆட்கணக்கு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் பிளே ஸ்கூல்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டும் என்றும், 3 வயது நிரம்பாத குழந்தையைச் சேர்க்கக் கூடாது என்றும் கூறுகின்றன. 2013ஆம் ஆண்டுக் கொள்கை, 3 வயதுக்குட்பட்டோரைக் கவனிக்கப் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. சேர்க்கைக் கூட்டம் நடக்கும் சனிக்கிழமை போனால் எல்லா ஆசிரியர்களும் இருப்பார்கள். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் போய்த் தலைகளை எண்ணுங்கள். ஆயா ஒருவர் மட்டும் இருந்து, அவரே வாசலைப் பார்த்துக்கொண்டு, கழிவறைக்கும் அழைத்துப்போய், சிற்றுண்டியும் ஊட்டுகிறார் என்றால், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பல இடங்களில் ஆயாக்களுக்குக் கொடுக்கப்படும் ஊதியம் மிகக் குறைவு, ஆண்டு முடிவதற்குள் ஆட்கள் மாறிவிடுகிறார்கள். முகம் மாறிக்கொண்டே இருந்தால் சிறு குழந்தைக்கு யாரிடம் ஒட்டிக்கொள்வது என்றே தெரியாது. எத்தனை ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறீர்கள் என்று ஆயாவிடம் நேரடியாகக் கேளுங்கள்.

கழிவறைக் கதவில் உட்புறத் தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. மின்பொத்தான்களும் பிளக் துளைகளும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. மாடியில் வகுப்பு வேண்டாம். இவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது.

கண்காணிப்புக் கேமரா இருப்பது நல்லது, ஆனால் அதையே பாதுகாப்பு என்று காட்டி மற்றக் கேள்விகளைத் தவிர்க்கும் நிர்வாகிகளைப் பார்த்திருக்கிறேன். பதிவு எத்தனை நாள் சேமித்துவைக்கப்படுகிறது, புகார் வந்தால் பெற்றோருக்குக் காட்டப்படுமா என்று கேளுங்கள். எல்லாப் பெற்றோரின் கைபேசிக்கும் நேரலை அனுப்பும் வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். பிறர் குழந்தைகள் உடை மாற்றுவதும் அழுவதும் முகம் தெரியாத நூறு பேருக்குக் காட்சியாகிவிடக் கூடாது.

ஒப்படைக்கும் முறையை எழுத்தில் கேளுங்கள். குழந்தையை யார் யார் அழைத்துப்போகலாம் என்று புகைப்படத்துடன் ஒரு பட்டியல் பள்ளியில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத சித்தப்பா வந்து நின்றால் உங்களுக்குத் தொலைபேசியில் கேட்காமல் அனுப்பக் கூடாது. வேன் அல்லது ஆட்டோ ஏற்பாடு பள்ளியுடையதா, தனியாருடையதா, உடன் வரும் பெண் உதவியாளர் யார் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கோடைக்கால முகாம், விடுமுறை வகுப்பு ஆகியவற்றை நடத்தும் நாட்களில் எத்தனை ஊழியர்கள் இருப்பார்கள் என்று மறவாமல் கேளுங்கள். வழக்கமான ஆசிரியர்கள் விடுப்பில் இருக்கும் மாதம் அது.

அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தால்

விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் வரவில்லை என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், ஏனெனில் நான்கு துறைகளில் நான்கு சான்றுகளுக்கு அலைவது எளிதன்று. விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். தன் வீட்டிலேயே பன்னிரண்டு குழந்தைகளை வைத்துப் பொறுப்போடு நடத்தும் ஓர் ஆசிரியைக்கும், நாற்பது கிளைகள் நடத்தும் நிறுவனத்துக்கும் ஒரே அளவு காகிதச் சுமையை ஏற்றுவது நியாயமன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கெடுபிடி மிகுந்தால் கையூட்டு பெருகும், கட்டணம் ஏறும், நல்ல சிறிய இடங்கள் மூடப்படும் என்று சொல்பவர்களின் அச்சத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு உரிமத்தையே கைவிடுவது அன்று. நான்கு சான்றுகளையும் ஒரே இடத்தில் விண்ணப்பித்து, குறித்த நாட்களுக்குள் பெற வழிசெய்ய வேண்டும்; சிறிய இடங்களுக்குக் கட்டணத்தையும் படிவங்களையும் குறைக்க வேண்டும்; தொட்டி மூடி, தீ, ஆட்கணக்கு, ஊழியர் பின்னணி ஆகியவற்றில் மட்டும் யாருக்கும் தளர்வு கூடாது. எந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுப்பது, எந்த முறையில் விளையாட வைப்பது என்பவற்றில் அரசு கைவைக்கத் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற மழலையர் பள்ளிகளின் பட்டியலை ஆய்வு நாளோடு வட்டாரம் வாரியாக வெளியிட்டால், பெற்றோரின் அலைச்சலில் பாதி குறையும்.

அதுவரை உங்களுக்கு வேறு வழியும் உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2019இல் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஆங்கிலப் பாட்டு கற்றுத்தருவதில்லை என்பதற்காக இவற்றைப் பார்க்காமலேயே ஒதுக்கிவிட வேண்டாம். மேலே சொன்ன அதே கண்களோடு போய்ப் பாருங்கள். அங்கேயும் தொட்டியின் மூடியை அழுத்திப் பாருங்கள், அரசு நடத்தும் இடம் என்பதற்காக எந்தக் கேள்வியையும் விட்டுவிடாதீர்கள்.

பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை என்பதால் குழந்தைக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, குழந்தைகளின் பராமரிப்பை ஏற்றுள்ள நிறுவனத்தை நடத்துபவரோ அங்கே பணிபுரிபவரோ குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தும் நிர்வாகி மறைத்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மறைத்ததே தனிக் குற்றம். குழந்தையின் உடலில் காயம் கண்டாலோ, பள்ளி வாசலைக் கண்டதும் அது முன்னெப்போதும் இல்லாத விதமாக நடுங்கினாலோ, அதே நாளில் மருத்துவரிடம் காட்டி எழுத்தில் பதிவுசெய்துகொண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். முதலில் தாளாளரிடம் பேசிப் பார்ப்போம் என்று இரண்டு நாள் காத்திருந்தால் கேமராப் பதிவு அழிந்துபோகலாம்.

அங்கீகாரமில்லாமல் இயங்குவது குறித்த புகாரை மாவட்டக் கல்வி அலுவலருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, அதன் நகலைத் திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். தனி ஒருவராகக் கொடுப்பதைவிட, அதே பள்ளியில் குழந்தைகளைச் சேர்த்துள்ள நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஆய்வு விரைவாக நடக்க வாய்ப்புண்டு. மனுவில் உடனே மூட வேண்டும் என்று மட்டும் எழுதாமல், ஆய்வு செய்து, குறைகளைச் சரிசெய்ய நாள் குறித்து, அதுவரை குழந்தைகளை எங்கே அனுப்பலாம் என்பதையும் தெரிவிக்குமாறு கேளுங்கள். ஆண்டின் நடுவில் பள்ளிக்கு முத்திரை வைத்துவிட்டால் வேலைக்குப் போகும் தாய்மார்கள் மறுநாள் காலையில் குழந்தையோடு எங்கே போய் நிற்பார்கள் என்பதையும் அந்த அலுவலகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக்குங்கள்.